தூசி உறிஞ்ச வந்த இருவர்

சோமனூரில் எங்கள் வீட்டுக்கும் எங்கள் விசைத்தறி குடோனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரிலும் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் தறிகள் இரவு பகலாக ஓடும். இந்தப் பக்கம் நாங்கள் சமைப்போம், தூங்குவோம், சண்டை போடுவோம். சண்டையைத் தறியைவிடச் சத்தமாகப் போட்டால்தான் எதிராளிக்குக் கேட்கும். கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே என் தொண்டை அதற்குப் பழகிவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சிப் பக்கம். அங்கே தூசி என்றால் மண். காலைக் கழுவினால் போய்விடும். சோமனூரில் தூசி என்றால் பஞ்சு. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் தறியில் ஏற்றுவார்கள். நூல் உராய உராயக் காய்ந்த கஞ்சி மாவாக உதிரும். அது பஞ்சோடு கூட்டணி வைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். ரசத்தில் மிதக்கும், தலையணையில் தங்கும், மின்விசிறி இறக்கையில் மீசை வளர்க்கும். பூஜை அறைப் படத்தில் இருக்கிற முருகனுக்கு வாரம் ஒருமுறை தலை நரைத்துவிடும். நான் ஈரத்துணியால் துடைத்து இளமையை மீட்டுக் கொடுப்பேன். சாமிக்கே இந்தக் கதி என்றால் மனுஷப் பிறவியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

எனக்கு இதெல்லாம் பழகிப்போனது. என் மகளுக்குப் பழகவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது, இளைப்பு வந்தது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். விலா எலும்பு உள்ளே போய் வரும். படுக்க முடியாமல் என் மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு அடுத்த மூச்சு வருகிறதா என்று காத்திருந்ததைவிடக் கொடிய வேலை எதையும் நான் செய்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். அதனால் அந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் என் பக்கத்தில் வரத் தைரியமில்லை.

கோயமுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தூசி இல்லாத இடத்துல வெச்சுக்குங்க" என்றார். உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சோமனூர் என்றதும், வீட்டில் தறி இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். "அப்ப கஷ்டம்தான்" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு மாடி வீடு காலியாக இருப்பது எனக்குத் தெரியும். அங்கே குடிபோய்விடலாம், என் வீட்டுக்காரர் தினமும் பஸ்ஸில் வந்து தறியைப் பார்த்துக்கொள்ளலாம். கணபதியிலும் பட்டறைகள் உண்டு, லேத் சத்தம் உண்டு. ஆனால் இரும்பு பறந்து வந்து குழந்தை மூக்கில் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் இதை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னேன். அவர் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டுவதை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்.

"சொந்த ஊட்டை உட்டுப்போட்டு வாடகை ஊட்டுக்குப் போறதா? ஊரு சிரிக்கும் அம்மணி. தூசி எந்த ஊட்லதான் இல்ல? மூலை முடுக்கு உடாம கூட்டுனா அது பாட்டுக்குப் போயிருது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அத்தையின் கட்சி இதுதான்: குழந்தைக்கு இளைப்பு வந்தது தறியால் அல்ல, மருமகள் சரியாகக் கூட்டாததால். வீட்டைச் சுத்தமாக வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். விடிந்ததும் கூட்டுவார், குளித்ததும் கூட்டுவார், சோறு ஆக்கியதும் கூட்டுவார். நான் கூட்டி முடித்த இடத்தை என் கண் முன்னாலேயே மறுபடி கூட்டுவார். அது ஒன்று போதும், ஒரு மருமகளின் ரத்தம் கொதிக்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். சீமாறுக்கு என்ன பதில் சொல்வது? எங்கள் பக்கம் சண்டையிலும் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும். "நீங்களே கூட்டிக்குங்க அத்தை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் போசிப் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

என் வீட்டுக்காரர் இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவில் இருந்தார். எந்தக் குடும்பச் சண்டையையும் ஒரு மின்சாரச் சாமான் வாங்கித் தீர்த்துவிடலாம் என்று மனதார நம்புகிறவர் அவர். அம்மி விஷயமாக நடந்த சண்டைக்கு மிக்சி வந்தது. டிவியில் எதைப் பார்ப்பது என்ற சண்டைக்கு இன்னொரு டிவி வந்தது. இப்போது கோயமுத்தூரில் ஒரு பொருட்காட்சிக்குப் போனவர், வாக்குவம் கிளீனர் விற்கிற இரண்டு கடைகளில் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு திரும்பி வந்தார்.

"மெசின் வந்துட்டா தூசிக்கு வேலையே இல்ல. நீயும் கணபதிக்குப் போக வேண்டியதில்ல, அம்மாளும் கூட்ட வேண்டியதில்ல" என்றார்.

"ஏனுங்க, தறி எங்கீங்க போகும்?" என்று கேட்டேன். அவர் விளம்பரத் தாளை விரித்துக் காட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உதட்டுச் சாயம் கலையாமல் சோபாவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அவள் மாமியாருடன் இருக்கிறாளா என்று படத்தில் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் மனசைத் திறந்து சொல்லிவிடுகிறேன். இயந்திரம் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஜெயித்தால் கணபதி வீடு கனவாகிவிடும். அதே மனசு, அது ஜெயித்துவிடாதா, என் குழந்தை இன்றைக்காவது படுத்துத் தூங்க மாட்டாளா என்றும் ஏங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டால் எந்தச் சாமிதான் என்ன செய்யும்? அது பாட்டுக்கு நரைத்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர் உள்ளூர்க்காரப் பையன். பைக்குள் தூசியைச் சேர்க்கிற இயந்திரம் அவருடையது. "அக்கா, இதுல வர்ற பை ஆஸ்பத்திரித் தரமுங்க. ஒரு துளி தூசி தப்பாதுங்க" என்றார். எங்கே காட்டட்டும் என்று கேட்டார். அத்தை உடனே என் அறையைக் கை காட்டினார். எவ்வளவு கூர்மையான மூளை பாருங்கள்.

பையன் என் மெத்தை மேல் குழாயை ஓட்டினார். இயந்திரம் தறியோடு போட்டி போட்டுக் கத்தியது. கொஞ்ச நேரத்தில் கத்தல் கீச்சுக் குரலாக மாறியது, இழுப்பு நின்றுபோனது. பையைத் திறந்தால் பஞ்சு அடைத்துக்கொண்டு தலையணைபோல் உப்பியிருந்தது. தைத்துக் கொடுத்தால் விருந்தாளிக்குப் போடலாம். அத்தை அந்தப் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயால் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலாம்.

நான் ஒரு கறுப்பு ரவிக்கைத் துணியை எடுத்து வந்தேன். காற்று வெளியேறுகிற ஓட்டையில் அதைப் பிடித்துக்கொண்டு, பையை உதறி மாட்டி மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒரு துளி தூசி தப்பாது என்று சொன்னாரல்லவா? துணியில் திருநீறு பூசியதுபோல வெள்ளை வெளேரென்று படிந்தது.

"பையை மாத்திப்போட்டா செரியாயிருமுங்க்கா" என்றார் பையன்.

"எப்பெப்ப மாத்தோணுமுங்க?"

அவர் என் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "இந்த ஊட்டுக்குங்களா..." என்று இழுத்தார். விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை மடக்கிக்கொண்டார். மதிய நேரம் ஆகிவிட்டதால் அத்தை இலை போட்டுவிட்டார். எங்கள் வீட்டில் கடன்காரன் வந்தாலும் சாப்பிடாமல் போக முடியாது. பையன் மூன்றாம் முறை ரசம் வாங்கிக்கொண்டு, போகும்போது மனசாட்சிக்குப் பயந்தவராக ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "தூசியத் தண்ணிக்குள்ள இழுக்கற தண்ணி மெசினுன்னு ஒருத்தர் வருவாருங்க. ஏமாந்துராதீங்க்கா. மெல்லிசுத் தூசியெல்லாம் நீர்க்குமிழிக்குள்ள உக்காந்துட்டு வெளிய வந்துரும். தண்ணி நாறும். அத ஊத்தறது கழுவறதே ஒரு சோலிங்க."

அவர் போனதும் பொருட்காட்சியிலிருந்து வந்த இரண்டு கம்பெனித் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தண்ணீர்க்காரர்களின் தாளில், பை இயந்திரம் துளை அடைத்துக்கொண்டு இழுக்காது, உள்ளே போன தூசியைப் பின்பக்கமாகத் திருப்பி ஊதும் என்று எழுதியிருந்தது. அதைத்தான் நான் கண்ணால் பார்த்துவிட்டேனே. தங்கள் சரக்கைப் பற்றிச் சொல்லும்போது இருவரும் வானத்தை வில்லாக வளைத்தார்கள், மணலைக் கயிறாகத் திரித்தார்கள். எதிராளியின் சரக்கைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சத்தியம் தவறவில்லை. பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு என் வாழ்நாள் அறிவுரை இது: ஒரு கடையில் இன்னொரு கடைச் சாமானைப் பற்றி விசாரியுங்கள்.

அத்தைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கு அந்தப் பை போதும். "பாத்தியா கண்ணு, உன்ற ரூமுல எத்தன கெடந்துதுன்னு? சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. "அடுத்த ஆளு வரட்டுங்க அத்தை, அதுக்குள்ள நீங்களே என்ற ரூமையும் சேத்துக் கூட்டி வைங்க" என்றேன். ரோசத்தில் சொன்னேனே தவிர, அதற்குப் பின்னால் என்னிடம் எந்தத் திட்டமும் கிடையாது.

அத்தை அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். அடுத்து வரப்போகிறவர் வெளியூர்க்காரர், சென்னையிலிருந்து வந்து கோயமுத்தூரில் தங்கி விற்கிறவர் என்று தெரிந்ததும் அவருக்கு வேகம் கூடியது. அந்நிய மனுஷன் முன்னால் வீடு அசிங்கப்படலாமா? தூசி உறிஞ்ச ஒருவர் வரப்போகிறார் என்பதற்காக, அவர் வருவதற்குள் வீட்டில் தூசியே இல்லாமல் செய்துவிடுவது என்று எங்கள் வீட்டில் முடிவானது. உலகத்தில் வேறு எங்காவது இப்படி நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கூட, "ஒரம்பரை வர்றாங்களா?" என்று விருந்தாளிகள் வருவதாக நினைத்துக் கேட்டுவிட்டு, ஒட்டடைக் குச்சியைக் கொடுத்து உதவினார்.

மெத்தைகள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணிக்குப் போய் வெயிலில் கிடந்து அடி வாங்கின. அலமாரிகள் சுவரை விட்டு நகர்ந்தன. கட்டிலுக்கு அடியில் என் சீர்ப் பெட்டி இருந்த இடத்தை அத்தை கண்டுபிடித்துக் கூட்டினார். சோப்புத் தூள் கரைத்துத் தரையைத் தேய்த்துக் கழுவினார். நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் சேர்ந்து வேலை செய்தோம். அவர் முட்டி போட்டுத் தேய்க்க நான் தண்ணீர் ஊற்றினேன். அந்த வயதிலும் அவருக்கு இருந்த கை வேகம் எனக்கு வராது. தன் அறையை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அதை அவரே செய்தார். தண்ணீர்க்காரர் வரவேண்டிய அன்று காலையிலும் ஒருமுறை கூட்டி, ஈரத்துணி போட்டுத் துடைத்து, அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தார். எனக்கே அந்தத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தது.

தண்ணீர்க்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். ஆனி மாத வெயிலில் அவர் கழுத்தில் அது கயிறுபோல இறுக்கிக்கொண்டிருந்தது. இவர் அக்கா என்று சொல்லவில்லை.

"மேடம், இதை வாக்குவம் கிளீனர்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. இது காத்தையே குளிப்பாட்டுற மெஷின். மழை பெஞ்சதும் காத்து எப்படிச் சுத்தமாயிடுது? அதே டெக்னிக். தண்ணிக்குள்ள போன தூசி திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது."

பிறகு ஒரு படத்தைக் காட்டினார். நம் தலையணையில் குடியிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். பல மடங்கு பெரிதாக்கியதில் அது கொம்பு முளைத்த எருமையைப் போல இருந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப் போனால் நல்ல விலைக்குப் போகும். என் மகள் அதைப் பார்த்துப் பயந்து அப்பாவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றும் அவளுக்கு லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர்க்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி எனக்கு இன்றும் மறக்கவில்லை. "பாப்பாவுக்கு வீசிங்கா சார்? அப்ப இந்த மெஷின் உங்களுக்காகவே செஞ்சது." அந்த டையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறுக்கலாமா என்று தோன்றியது.

இயந்திரத்தின் தொட்டியில் தெளிந்த தண்ணீரை ஊற்றினார். ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து யூகலிப்டஸ் தைலம் நாலு சொட்டு விட்டு, இனிமேல் இந்த வீட்டில் ஊட்டிக் காற்று வீசும் என்றார். ஊட்டி எங்களுக்கு ஒரு பஸ் தூரம். அங்கே காற்று எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் வீட்டுக்கு வந்தவரை மறுத்துப் பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அடுத்து அவர் தன் தொழிலின் ஆகப் பெரிய தந்திரத்தை எடுத்து விட்டார்.

"அழுக்கான இடத்துல யாரு வேணாலும் காட்டலாம் மேடம். உங்க வீட்டுலயே ரொம்பச் சுத்தமான இடம் எதுவோ, அங்க ஓட்டிக் காட்டறேன்."

"என்ற ரூமு" என்றார் அத்தை. அந்த வார்த்தையில் இருந்த நிமிர்வை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

எல்லோரும் அத்தையின் அறைக்குள் போனோம். இயந்திரம் ஓடியது. தரை, கட்டில், மெத்தை, ஜன்னல் கம்பி என்று குழாய் ஊர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தொட்டிக்குள் ஏதோ பொங்குகிற சத்தம் கேட்டது. இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு நுரை எட்டிப் பார்த்தது. பால் பொங்குவதுபோலப் பொங்கி, விளிம்பு தாண்டி, தரையில் வழிந்தது. தண்ணீர்க்காரர் பதறிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்கு முன் அது ஒரு பெரிய தும்மல் போட்டது. அவருடைய சட்டை, டை, கையிலிருந்த விளம்பரத் தாள் எல்லாவற்றிலும் நுரை. என் மகள் இழுப்பையும் மறந்து கைகொட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். தண்ணீருக்குள் போன தூசி திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லையாம். இதோ சரித்திரம் அவருடைய சட்டைப் பையில் வழிந்துகொண்டிருந்தது.

"வீட்ட சோப்புப் போட்டுக் கழுவினீங்களா மேடம்? அதான் நுரை" என்று துடைத்துக்கொண்டே சொன்னார். தொழில் பக்தி உள்ளவர். அந்த நிலையிலும் விடவில்லை. தொட்டியைக் கழற்றி, முற்றத்தில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் கவிழ்த்தார். "ஆனா தண்ணியப் பாருங்க மேடம். உங்க வீட்டுலயே சுத்தமான ரூம்ல இருந்து வந்தது இது. நீங்களே பாருங்க."

பார்த்தோம். நுரை அடங்க அடங்க, கீழே வெள்ளையும் சாம்பலுமாகக் கொழகொழவென்று ஒரு திரவம் தெரிந்தது. நனைய மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டு பஞ்சு மேலே மிதந்தது. அன்று காலை துடைத்த அறை அது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து, இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் 'ங்க' போட்டு மரியாதையாகக் கொட்டிவிடலாம் என்று அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் ஒட்டியது. பிரித்தார், மறுபடி ஒட்டினார்.

"மண்ணில்ல இது" என்றார். "பாவுக் கஞ்சி."

என் வீட்டுக்காரர், "அதானுங்கம்மா, தறிக்கார ஊட்ல கஞ்சித் தூசி வராம..." என்று ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலையில கூட்டுனேன். ஈரத்துணி போட்டுத் தொடச்சேன். மத்தியானத்துக்குள்ள இத்தன வந்திருக்குது. அப்ப எத்தன கூட்டுனாலும் வந்துட்டேதான் இருந்திருக்குது."

தண்ணீர்க்காரருக்கு இது தன் பக்கம் வருகிற பேச்சு என்று தோன்றிவிட்டது. "அதான் மேடம், டெய்லி யூஸ் பண்ணீங்கன்னா..." என்று தொடங்கினார். என் வீட்டுக்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் ஒருவரைப் பேசாதே என்று நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உனக்கொரு தங்கச்சி இருந்தாள்ள" என்றார் அத்தை, மகனைப் பார்த்து.

"காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லுவீங்களேம்மா."

"காய்ச்சலில்ல. இளைப்பு. உங்கய்யன் தறி போட்ட புதுசு அது. புள்ளை இப்பிடித்தான் கீச்சுக் கீச்சுன்னு இழுத்துட்டே இருந்தா. ஊடு சுத்தமில்ல, தூசி ஆகாதுன்னு வைத்தியர் சொன்னாரு. நாந்தான் செரியாக் கூட்டாம உட்டுப்போட்டேன்னு இருந்துட்டேன். இன்னைக்கு வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கொட்டக் காத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று கேட்டேன்.

"உன்ற புள்ளை வயசுதான் கண்ணு" என்றார். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "கணபதியில அந்த மாடி ஊடு இன்னும் காலியா இருக்குதான்னு கேளு."

தண்ணீர்க்காரரை ஈரச் சட்டையோடு அனுப்ப அத்தைக்கு மனசில்லை. மகனுடைய சட்டை ஒன்றைக் கொடுத்து, சோறு போட்டு, வாங்குவதைப் பற்றி, "பாக்கலாமுங்க" என்று சொல்லி அனுப்பி வைத்தார். வெளியூர்க்காரராக இருந்ததால் அவர் அதை நம்பிக்கொண்டு போனார்.

வீடு காலியாகத்தான் இருந்தது. ஆனால் ஆனி முடிந்து ஆடி பிறக்க இருந்தது. ஆடியில் வீடு மாறுவது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம். ஆவணி பிறக்கட்டும், ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கே அது நியாயமாகப் பட்டது. நாள் கிழமை பார்க்காமல் தலைக்கு எண்ணெய் கூட வைக்காத அத்தை, "நாளு பாத்துட்டு இருந்தா புள்ளை மூச்சு உடாம இருக்குமா?" என்று கேட்டார். ஆடி பிறந்த முதல் வாரத்திலேயே வேன் பேசி வாசலில் நிறுத்தி, என் மகளின் பாயையும் தலையணையையும் அவரே தூக்கி வந்து ஏற்றினார்.